கையால் ஓட்டினால் திறக்கிறது, கிரானில் ஓட்டினால் 49

கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பணியாளர் பட்டியலை, பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு லினக்ஸ் கணினியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். பகலில் தாமே டெர்மினலில் ஓட்டி, கேட்கும்போது கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், ஸ்கிரிப்ட் சர்வருக்குள் நுழைந்து தேடலை ஒழுங்காக முடிக்கிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான், இரவு 2 மணிக்கு அதை ஓட்டும்போது கடவுச்சொல்லை ஒரு கோப்பிலிருந்து எடுக்கும்படி வைத்திருக்கிறார். அப்போது மட்டும் பிழை எண் 49 வருகிறது, அதன் வாலில் 'டேட்டா 52இ' என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிப் பார்த்தும் பயனில்லையாம். இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: விண்டோஸ் பக்கத்தில் உள்ள பவர்ஷெல் ஸ்கிரிப்ட் மலாய்ப் பெயர்களுக்கும் சீனப் பெயர்களுக்கும் சிக்கலில்லாமல் ஓடிவிட்டு, நம்மவர் பெயர்கள் வரும்போது மட்டும் சண்டித்தனம் செய்வது ஏன்?

முதல் வேலையாக, கடவுச்சொல்லை மாற்றுவதை நிறுத்துங்கள். கையால் தட்டச்சு செய்யும்போது கதவு திறக்கிறது என்றால் கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் கொடுத்ததாக நினைப்பதும் ஸ்கிரிப்ட் உண்மையில் அனுப்பியதும் ஒன்றல்ல என்பதைத்தான் 49 சொல்கிறது. அடுத்த வேலை, கிரானில் அந்த வரியைத் தற்காலிகமாக முடக்கி வைப்பது. தவறான கடவுச்சொல்லோடு இரவில் பல முறை தட்டினால் சர்வர் கணக்கைப் பூட்டிவிடக்கூடும். பிறகு காலையில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடாது, நீங்களும் இல்லாத ஒரு புதுப் பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

49 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே தோன்றும், ஏனென்றால் அது பல சந்தேகங்களை ஒரே அடியில் நீக்கிவிடுகிறது. சர்வர் பதில் சொல்லியிருக்கிறது; ஆகவே சர்வரின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், ஃபயர்வால், 389 அல்லது 636 என்ற போர்ட், டிஎல்எஸ் மறையாக்கச் சான்றிதழ் ஆகிய எதிலும் இந்த இரவு குறை இல்லை. அவற்றில் குறை இருந்திருந்தால் 'எல்டாப் சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை' என்ற கழித்தல் 1 வந்திருக்கும் (எல்டாப் என்பது டைரக்டரியோடு பேசும் நெறிமுறை). கையெழுத்திடப்படாத, மறையாக்கம் இல்லாத பைண்டை, அதாவது பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் கோரிக்கையை, உங்கள் சர்வர் ஏற்க மறுத்திருந்தால் 8 வந்திருக்கும். 49 என்பது, கோரிக்கை வாசல் வரை வந்து சேர்ந்தது, பெயரும் கடவுச்சொல்லும் பொருந்தவில்லை என்பது மட்டுமே.

ஆக்டிவ் டைரக்டரி அந்த 49-க்குப் பின்னால் ஒட்டிவிடும் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணை வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது. 52இ என்றால் சான்றுகள் பொருந்தவில்லை. 525 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. 530 என்றால் அந்த நேரத்தில் நுழைய அனுமதி இல்லை. இரவில் மட்டும் விழும் ஸ்கிரிப்டுக்கு இது அருமையான துப்பு, ஆனால் உங்களுக்கு வந்தது அது அல்ல. 532 கடவுச்சொல் காலாவதி, 533 கணக்கு முடக்கப்பட்டது, 701 கணக்கே காலாவதி, 773 அடுத்த நுழைவில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், 775 கணக்கு பூட்டப்பட்டது. 52இ வந்துவிட்டதாலேயே பயனர் பெயர் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர் எழுதப்பட்ட வடிவம் தவறாக இருந்தாலும் அதே குறிப்பு வரக்கூடும். ஓபன்எல்டாப் என்ற திறமூல டைரக்டரி சர்வர் இவ்வளவுகூடச் சொல்லாது. பெயர் இல்லை என்றாலும் கடவுச்சொல் தவறு என்றாலும் வெறும் 49 என்றே வாயை மூடிக்கொள்ளும். யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை வாசலில் நிற்கும் அந்நியனுக்குத் தெரிவிக்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே வைத்த அடக்கம் அது.

இனி உங்கள் கோப்புக்கு வருவோம், என் கண் அதன் மேல்தான் இருக்கிறது. டைரக்டரியில் தேடும் எல்டாப்சர்ச் கட்டளையில் பெரிய டபிள்யூ கொடுத்தால் கடவுச்சொல்லைக் கேட்கும். என்டர் விசையை அழுத்தியதும் அந்த என்டரை நீக்கிவிட்டு மீதியை அனுப்பும். 'ஒய்' என்ற விருப்பத்தில் கோப்பைக் கொடுத்தால் அதன் முழு உள்ளடக்கத்தையும் கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். 'முழு' என்ற சொல்லுக்கு அங்கே நேர்ப்பொருள்: கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வரிமுறிவும் கடவுச்சொல்லின் ஓர் எழுத்துதான். நீங்கள் விஐ-யில் கோப்பைத் திறந்து எழுதிச் சேமித்திருந்தாலும், எக்கோ கட்டளையால் எழுதியிருந்தாலும், கடைசியில் ஒரு வரிமுறிவு தானாகவே சேர்ந்திருக்கும். நானும் ஒரு முழு நாளை இதற்குத் தாரை வார்த்தவன்தான்.

சோதிப்பது எளிது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, கடவுச்சொல் 'நாசிகண்டார்$2024' என்று வைத்துக்கொள்வோம். பினாங்குக்காரன் வேறு என்ன வைப்பான்? ரோமன் எழுத்தில் நாசிகண்டார் 10 எழுத்து, பின்னால் வரும் டாலர் குறியும் நான்கு இலக்கமும் 5, ஆக மொத்தம் 15. இப்போது கோப்பை 'டபிள்யூசி' கட்டளையிடம் கொடுத்து எத்தனை பைட்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 15 வந்தால் கோப்பு சுத்தம். 16 வந்தால் வரிமுறிவு ஒட்டியிருக்கிறது. 17 வந்தால் அந்தக் கோப்பு விண்டோஸ் நோட்பேடில் பிறந்து லினக்ஸுக்கு வந்தது, வரிமுறிவு இரண்டு பைட்டாக இருக்கிறது. 18-ஆக இருந்தால் கோப்பின் தலையில் யூனிகோட் அடையாளமாக மூன்று பைட்டு உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. எண்ணிக்கையில் ஐயம் இருந்தால் 'ஓடி' கட்டளையில் 'சி' விருப்பம் கொடுத்து ஒவ்வொரு பைட்டாகப் பார்த்துவிடலாம். அங்கே எதுவும் ஒளிய முடியாது. திருத்துவதற்கு, எக்கோவை விட்டுவிட்டுப் பிரின்ட்எஃப் கட்டளையால் வரிமுறிவு இல்லாமல் கோப்பை எழுதி, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி உரிமையை 600 ஆக்கி வையுங்கள்.

அப்படி எழுதும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. அதே கடவுச்சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து ஷெல்லிடம் கொடுத்தால், டாலர் குறியையும் அதை அடுத்த 2-ஐயும் சேர்த்து 'இரண்டாவது வாதம்' என்று ஷெல் பொருள் கொள்ளும். அப்படி எதுவும் இல்லாததால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட்டு, மீதி 024-ஐ ஒட்டிவிடும். 15 எழுத்து 13 ஆகிவிடும், சர்வருக்குப் போவது 'நாசிகண்டார்024'. இந்த அநியாயத்துக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒற்றை மேற்கோள் போட்டால் ஷெல் உள்ளே கை வைக்காது. கடவுச்சொல்லை மாற்ற மாற்ற நிலைமை மாறாமல் இருந்ததற்கு, மூன்று முறையும் புதிய கடவுச்சொல்லை அதே வழியில் கோப்பில் எழுதியதே காரணமாக இருக்கலாம்.

கோப்பு வேண்டாம், கிரான்டேப் வரியிலேயே சிறிய டபிள்யூ கொடுத்துக் கடவுச்சொல்லை எழுதிவிடுகிறேன் என்று போகாதீர்கள். அந்த வரியில் வரும் % குறியைக் கிரான் வரிமுறிவாக மாற்றிவிடும்; முதல் % குறிக்குப் பின்னால் உள்ளவை கட்டளையில் சேராமல் அதன் உள்ளீடாகப் போய்விடும். அதற்கு முன்னால் \ போட்டு அதையும் தப்பிக்க வைத்தாலும், ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் அதே கணினியில் உள்ள வேறொருவர் பிஎஸ் கட்டளை கொடுத்தால் உங்கள் கடவுச்சொல் திரையில் வந்து நிற்கக்கூடும்.

பயனர் பெயரிலும் இதே அக்கறை வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி எளிய பைண்டில் ஏற்கும் வடிவங்களில் வழக்கமானவை மூன்று: முழு டிஎன், மின்னஞ்சல் போலத் தோன்றும் யுபிஎன், டொமைன் பெயருக்குப் பின் \ போட்டுப் பயனர் பெயர் என்ற பழைய வடிவம். மூன்றாவதை மேற்கோள் இல்லாமல் ஷெல்லில் எழுதினால் \ குறி காணாமல் போய்விடும். முழு டிஎன் எழுதினால், நிர்வாகி ஒருவர் அந்தச் சேவைக் கணக்கை வேறு ஓயு-வுக்கு (டைரக்டரியின் உட்பிரிவு) நகர்த்திய நாளில் ஸ்கிரிப்ட் விழும், ஏனென்றால் டிஎன் என்பது அந்தக் கணக்கு இருக்கும் இடத்தின் முகவரி, வீடு மாறினால் அதுவும் மாறும். நான் யுபிஎன்-ஐயே பயன்படுத்துகிறேன். ஆனால் அதே ஸ்கிரிப்டை நாளை ஓபன்எல்டாப் சர்வரிடம் கொண்டுபோனால் யுபிஎன் செல்லாது. டிஎன் வடிவம் தவறு என்று 34 கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

இவற்றையெல்லாம் ஊகித்துக்கொண்டிருக்காமல் நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. முழு ஸ்கிரிப்டையும் ஓட்டாமல், 'நான் யார்' என்று மட்டும் சர்வரிடம் கேட்கும் எல்டாப்ஹூஆம்ஐ கட்டளையைக் கிரானிலேயே ஒரே ஒரு முறை ஓட வையுங்கள். டெர்மினலில் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. நோயாளி கிரானில் இருக்கும்போது டெர்மினலுக்கு ஊசி போட்டு என்ன பயன்? கட்டளையில் 'எக்ஸ்' விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எளிய பைண்டுக்குப் பதிலாக எஸ்ஏஎஸ்எல் என்ற வேறொரு நுழைவு வழியில் போக முயலும், பிழையும் வேறு திசையில் வரும். அதோடு கிரானின் சூழல் மாறிகள் அனைத்தையும் ஒரு கோப்பில் கொட்டச் செய்யுங்கள். கிரான் உங்கள் ஷெல் அமைப்புகள் உள்ள பாஷ்ஆர்சி கோப்பை வாசிப்பதில்லை, அதன் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகக் குட்டையானது, டெபியன் வகைக் கணினிகளில் அது அழைக்கும் எஸ்ஹெச் என்பது பாஷ் அல்ல, டாஷ்.

சூழல் மாறி பற்றிப் பேசும்போது ஒரு பழைய தழும்பைக் காட்டியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் ஒரு கல்விக்கூடத்தில், விடுப்பு விண்ணப்பப் பக்கத்துக்கு நான் ஒரு நுழைவு ஸ்கிரிப்ட் எழுதினேன். பயனர் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துப் பைண்ட் செய்வது, பைண்ட் வெற்றி என்றால் உள்ளே விடுவது, அவ்வளவுதான். தைப்பூச விடுமுறைக்கு முந்தைய நாள், விடுப்பு கேட்கும் அவசரத்தில் ஒருவர் கடவுச்சொல் கட்டத்தை நிரப்பாமலேயே என்டர் தட்டியிருக்கிறார், கதவு திறந்துவிட்டது. பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், அது பெயரில்லா நுழைவுக்குச் சமமானது என்று எல்டாப் நெறிமுறையே சொல்கிறது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4513 என்ற இணையத் தர ஆவணம் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்கி, வெறுமையான கடவுச்சொல்லைச் சர்வர்கள் இயல்பாகவே மறுக்க வேண்டும் என்றும், கிளையண்டுகளும் அனுப்பும் முன்பே தடுக்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. ஓபன்எல்டாப் இயல்பாக 53 கொடுத்து மறுத்துவிடுகிறது. ஆக்டிவ் டைரக்டரி இயல்பு நிலையில் பூஜ்யம், அதாவது வெற்றி என்றே பதில் சொல்கிறது. அடுத்துத் தேடல் கேட்டால்தான், முதலில் பைண்ட் செய்துவிட்டு வா என்று பிழை எண் 1 வரும். என் ஸ்கிரிப்ட் தேடலே செய்யவில்லை. அன்று மாலை முழுவதும் யார் யார் பெயரில் என்ன விடுப்பு பதிவாகியிருக்கிறது என்று கையால் சரிபார்த்தேன்.

உங்கள் சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கிரானில் மாறி வெறுமையாகப் போயிருந்தால் உங்களுக்கு 49 வந்திருக்காது. பைண்ட் வெற்றி பெற்றுத் தேடல் விழுந்திருக்கும். 49 வந்ததால் ஏதோ ஒன்று அனுப்பப்பட்டிருக்கிறது, அது தவறான ஒன்று. வரிமுறிவின் மீது எனக்குள்ள சந்தேகம் இதனால்தான் வலுக்கிறது. பைத்தானில் எல்டாப்3 நூலகத்தைக் கொண்டு இதையே திரும்ப எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதன் பைண்ட் செயல்பாடு தோற்றால், நீங்கள் தனியாகச் சொல்லாதவரை, விதிவிலக்கு எதையும் எழுப்பாது, 'பொய்' என்ற மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். அந்த மதிப்பைப் பார்க்காத ஸ்கிரிப்ட், தோற்றது தெரியாமலேயே அடுத்த வரிக்குப் போய்விடும்.

சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 49 தீர்ந்த மறுநாள் இது வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன். 636-இல் எல்டாப்எஸ் (மறையாக்கம் சேர்ந்த எல்டாப்) பயன்படுத்தும்போது, அலுவலகத்தின் சொந்தச் சான்றிதழ் ஆணையத்தின் கோப்பு இருக்கும் இடத்தை உங்கள் டெர்மினல் ஒரு சூழல் மாறியிலிருந்து அறிந்துகொண்டிருக்கலாம். கிரானுக்கு அது தெரியாது. அப்போது கழித்தல் 1 வரும், ஃபயர்வால் குழுவை எழுப்பி வீண் சண்டை போட நேரும். கணினி முழுவதற்குமான எல்டாப் அமைப்புக் கோப்பில், டிஎல்எஸ் சிஏசெர்ட் என்ற வரியில் அந்த இடத்தை எழுதிவிட்டால் போதும். சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்து இணைக்க வேண்டாம், சான்றிதழில் உள்ள பெயரைக் கொடுங்கள். சான்றிதழ்ச் சோதனையையே நிறுத்திவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. 'தற்காலிகமாக' என்று சொல்லி அதைப் போட்ட ஸ்கிரிப்டுகள் பத்து ஆண்டு கழித்தும் அப்படியே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்டிஎல்எஸ் பயன்படுத்துவதாக இருந்தால் பெரிய இசட்டை இரண்டு முறை கொடுங்கள். ஒரு முறை மட்டும் கொடுத்தால், மறையாக்கம் அமையாவிட்டாலும் கட்டளை கவலைப்படாமல் தொடரும், கடவுச்சொல் அம்மணமாகக் கம்பியில் போகும்.

கெர்பரோஸ் என்ற நுழைவு முறையும் அதன் திறவுகோல் கோப்பான கீடேப்பும் கொண்டு கடவுச்சொல்லையே ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அது நல்ல யோசனைதான். அப்போது கவனிக்க வேண்டியது கடிகாரம். இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் நுழைய விடாது. நேர மண்டலம் எதுவாக இருந்தாலும் கெர்பரோஸுக்குக் கவலையில்லை, அது உலகப் பொது நேரத்தைத்தான் பார்க்கும். ஆனால் கணினியின் மண்டலத்தை அமைக்காமல் விட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நம் ஊர் நேரத்தைக் கையால் வைத்தவருக்கு வேறுபாடு 8 மணி நேரம். சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய கீடேப் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி நம்மவர் பெயர்கள். பணியாளர் பட்டியலில் மலாய்ப் பெயர் பின், பிந்தி என்று வரும். சீனப் பெயரில் அதுவும் இல்லை. அடையாள அட்டையில் உள்ளபடி எழுதினால் நம் பெயர் மட்டும் 'முருகன் ஏ/எல் வேலு', 'கவிதா ஏ/பி மாறன்' என்று சாய்கோட்டோடு வரும் (ஏ/எல் மகன், ஏ/பி மகள்). அந்தச் சாய்கோடுதான் குற்றவாளி. எல்டாப் நெறிமுறையைப் பொறுத்தவரை டிஎன்-இல் / ஒரு சாதாரண எழுத்து. அதனால் டைரக்டரியிலிருந்து டிஎன்-ஐ வாசித்தால் அது தப்பிப்புக் குறி எதுவும் இல்லாமல் அப்படியே வரும். உங்கள் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் அந்த டிஎன்-ஐ எடுத்து, முன்னால் 'எல்டாப்://' ஒட்டி, ஏடிஎஸ்ஐ (டைரக்டரியை அணுக விண்டோஸ் தரும் இடைமுகம்) பாதையாக மாற்றுகிறது. ஏடிஎஸ்ஐ பாதையில் / என்பது சர்வர் பெயரையும் டிஎன்-ஐயும் பிரிக்கும் குறி. 'முருகன் ஏ' வரை ஒரு துண்டு, 'எல் வேலு'விலிருந்து இன்னொரு துண்டு என்று அது அறுத்துவிட, பாதை பொருளற்றதாகிவிடுகிறது. கடவுச்சொல்லைக் கேட்கும் நிலைக்கே அது போவதில்லை. அந்த வரிசையில் நின்றவர்களை எல்லாம் உங்கள் ஸ்கிரிப்ட் 'நுழைவுத் தோல்வி' என்று எழுதிவைத்திருந்தால், அது ஸ்கிரிப்டின் பொய்.

பாதையை ஒட்டுவதற்கு முன் டிஎன்-இல் உள்ள ஒவ்வொரு / குறிக்கும் முன்னால் ஒரு \ சேர்த்துவிடுங்கள். 'முருகன் ஏ\/எல் வேலு' என்று ஆனால் ஏடிஎஸ்ஐ ஒரே பெயராக வாசிக்கும். அதைவிட நான் விரும்புவது, பெயரைத் தொடாமல் கணக்கின் தனி அடையாள எண்ணான ஜியுஐடி-யை வைத்துப் பாதை அமைப்பது. அதில் / வர வழியே இல்லை, ஒருவர் பெயரைத் திருத்திக்கொண்டாலும் அது மாறாது. பணியாளர் பிரிவிடம் சொல்லிப் பெயரிலிருந்து ஏ/எல்-ஐ எடுத்துவிடலாமே என்று ஒரு சக ஊழியர் ஒருமுறை எனக்கு வழி சொன்னார். அடையாள அட்டையில் இருக்கும் பெயரை ஒரு ஸ்கிரிப்டின் வசதிக்காக வெட்டுவதற்கு நான் உடன்படவில்லை.

தேடல் வடிகட்டியில் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். அங்கே / குறிக்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை. \ சேர்த்தால்தான் கெடும். வடிகட்டியில் தப்பிக்க வைக்க வேண்டியவை வேறு: திறக்கும் அடைப்பு \28, மூடும் அடைப்பு \29, நட்சத்திரக் குறி \2ஏ, சாய்வுக் குறி \ வந்தால் \5சி. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஒப்பந்தம்' என்று எழுதும் பழக்கம் உங்கள் அலுவலகத்திலும் இருந்தால், இந்த இரவோ அடுத்த இரவோ ஸ்கிரிப்ட் விழப்போவது அந்தப் பெயரில்தான்.